காய்ந்த தரை

இல்லை, துண்டை இன்னும் துவைக்கவில்லை.

துவைப்பதாகத்தான் இருந்தேன். வாளியில் தண்ணீர்கூடப் பிடித்து வைத்தேன். நனைப்பதற்கு முன் ஒருமுறை முகத்தருகே கொண்டுபோனேன். ரப்பர், தூசி, தைலம், பழைய வியர்வை. அதில் உன்னுடையது எது, என்னுடையது எது என்று பிரிக்க முடியவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

சின்னத் துண்டு. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்த அளவு. சிராங்கூன் சாலையின் கடைவாசல் ஐந்தடிப் பாதையில் மூன்றாகக் கட்டி விற்றதை நீதான் எடுத்தாய். ஒன்றைக் கோப்பியில் முக்கிக் கெடுத்தாய். ஒன்றை நான் பேருந்தில் விட்டேன். மிஞ்சியது இந்த நீலம். நான்கு வருடம் ஆட்டம்தோறும் என் இடுப்பில் செருகியிருந்தது. நீ போன பிறகு இரண்டு வருடம் அலமாரியில் கிடந்தது.

போன வியாழக்கிழமை மறுபடி எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. பயிற்சிக்குக் கிளம்பும்போது கை அதுவாகவே போனது. அன்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதை நேராகச் சொல்ல வரவில்லை, அக்கா. சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது.

*

வாலிபாலில் நீ எழும்பி அடிப்பவள். வலைக்கு மேல் உன் முழங்கை தெரியும், அவ்வளவு உயரம். நான் லிபரோ. எல்லோரும் சிவப்புச் சட்டை போட்டால் நான் மட்டும் வெள்ளை. எழும்பி அடிக்க எனக்கு அனுமதியில்லை. பின்வரிசையில் விழுந்து பந்தை எடுப்பதே வேலை. விழுந்த இடத்தில் வியர்வை படும். அதில் யாராவது வழுக்கினால் முட்டி போய்விடும். ஆகவே துடைப்பதும் நான்தான். கையை உயர்த்தித் தரையைக் காட்டினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். குனிந்து துடைப்பேன். தரையைத் துடைக்கிற பெண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

முதல் தடவை தெம்பனிஸ் விளையாட்டுக் கூடத்தில். உனக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. இரண்டாவது செட் முடிந்து கழிவறைக்குப் போன நீ திரும்பவில்லை. தேடி வந்தேன். சுவரில் சாய்ந்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாய்.

“ஏய் குள்ளி. இங்க வா. இங்க கை வை.”

உன் கழுத்தில் வைத்தேன். விரலுக்கடியில் ஏதோ ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

“ரெண்டு துடிப்பு ஒண்ணா வருது. அப்புறம் ஒண்ணுமே வரல. தெரியுதா?”

“டாக்டர்கிட்ட போலாம் லா.”

“போலாம். செலக்‌ஷன் முடியட்டும்.”

“பெரியம்மாகிட்ட சொல்லிடவா?”

“சொல்லு. உன்ன அந்த நெட்டுலயே கட்டித் தொங்க விடுறேன்.”

சிரித்தாய். நானும். அதற்குள் உன் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. எழுந்து முட்டிப் பட்டையைச் சரிசெய்தாய். அப்போதுதான் உனக்கு அந்த யோசனை வந்தது.

“இங்க பாரு. நான் இந்தப் பட்டைய கீழ இழுத்தா, நீ கை தூக்கு. தரை ஈரம்னு சொல்லு. எனக்கு இருபது செகண்ட் போதும். படபடப்பு நின்னுடும்.”

நின்றது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு முறையும் நின்றது. நீ இடது பட்டையை இழுப்பாய், நான் கையை உயர்த்துவேன், குனிவேன். காய்ந்த தரையை வட்டமாக ஒருமுறை, பிறகு நீளவாக்கில், பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்த்து மறுபடி ஒருமுறை. குனிந்தபடியே உன் காலணிகளைப் பார்ப்பேன். குதிகால் லேசாக எழும்பினால் நீ தயார். நான் எழுந்துகொள்வேன். அடுத்த பந்தை நீ அடிப்பாய். மேலே பெஞ்சில் உன் அம்மா, என் பெரியம்மா, கொய்யாத் துண்டுகளும் புளிப்புப் பொடியும் உள்ள பையை மடியில் வைத்துக்கொண்டு கைதட்டுவார்.

நான் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

*

தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தாய்லாந்திலிருந்து ஒப்பந்தம் வந்திருந்தது. வடகிழக்கே ஒரு சின்ன நகரத்துக் குழு. நம் குழுவிலிருந்து ஆடுவதற்காகவே சம்பளம் வாங்கப்போகிற முதல் பெண் நீ. தாள்கள் மேசையில். ஒரு மூலையில் குழம்பு பட்டுவிட்டது. பரோட்டாவைப் பிய்த்தபடி மருத்துவப் படிவத்தின் ஒவ்வொரு கேள்வியாக நீ வாசித்தாய், நான் பதில் சொன்னேன். ஆஸ்துமா? நோ. எலும்பு முறிவு? சுண்டுவிரல்.

“உடற்பயிற்சியின்போது மயங்கியதுண்டா?” ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழ்ச் செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னாய். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். “ஏய் குள்ளி, நான் மயங்கியிருக்கேனா?”

“விழுந்தாத்தான் மயக்கம். நீ விழல.”

“அப்ப நோ லா.”

குறித்தாய். பேனா மை சரியாக வரவில்லை. இரண்டு முறை அழுத்திக் குறித்தாய்.

நீ விழவில்லை. நான் விழவிடவில்லை. இதை அன்று மனத்துக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இதைத்தான் இப்போது வேறு குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

அங்கிருந்து நீ அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கேட்பதில்லை. கேட்காமலே தெரியும்.

காலை ஆறுக்கு எடை தூக்குவது. பிறகு ஐஸ் வாளியில் இடுப்புவரை உட்கார்ந்து பல் கிட்டிப்போய்ப் பாட்டுப் பாடுவது. எட்டு மணி நேரப் பேருந்துப் பயணங்கள். உன் பெயரை முழுதாகச் சொல்ல முடியாமல் பாதியில் வெட்டிய அறிவிப்பாளர். சட்டையின் முதுகில் மீன் சாஸ் நிறுவனத்தின் விளம்பரம். அதைப் பார்த்துப் பெரியம்மா, “எம் பொண்ணு முதுகுல மீன் விக்கிறா” என்று உறவுக்காரர்களிடம் எல்லாம் சொன்னது. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு ஒரு சிறுமி வந்து உன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடியது. “இங்க பந்து சத்தமே வேற, குள்ளி. வயித்துல கேக்குது.”

இரண்டாவது சீசனில் ஒன்று அனுப்பினாய். அதை மட்டும் அடிக்கடி நினைக்கிறேன்.

“ஏய், இங்க லிபரோ தொடைக்க மாட்டா. அதுக்குன்னே ஆளு. ரெண்டு பேரு நீள மாப்போட ஓடி வராங்க. மூணு செகண்ட். முடிச்சிட்டுப் போய்டறாங்க. ப்ரொஃபஷனல் லா! உனக்கெல்லாம் இங்க வேலையே இல்ல.”

சிரித்திருந்தாய். சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். அப்போது ரயிலில் இருந்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கினேன், படியேறினேன், வகுப்புக்குப் போனேன்.

மூன்று வினாடி. உனக்கு இருபது வேண்டும்.

அது எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல ஆசை. தோன்றியது. படியேறும்போதே தோன்றியது. கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் பதில் சொல்வாய். பதில் தெரிந்துவிட்டால் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை. ஆட்டம்கூட இல்லை. பயிற்சிக்கு முன் கூடத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாயாம். மூன்றாவது சுற்றில் விழுந்தாய்.

*

இப்போது வியாழக்கிழமை.

அதே தெம்பனிஸ் கூடம். நீளமான ஒரு பந்து. இருபது தடவைக்குமேல் வலையைத் தாண்டியிருக்கும். இரண்டு முறை விழுந்தேன், மூன்றாவது முறை எழுந்தபோது நெஞ்சில் ஏதோ தடுக்கியது. ஒரு படி இருக்கும் என்று நினைத்துக் கால் வைத்து, படி இல்லாமல் போவதுபோல. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. அதுதான் பயம்.

என் கை உயர்ந்தது. தரையைக் காட்டினேன். குனிந்து துடைக்கத் தொடங்கினேன். வட்டமாக ஒருமுறை. பிறகு நீளவாக்கில்.

“அங்கே யாரும் விழவில்லையே?” என்று கோச் ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபமில்லை. புரியாமல்தான் கேட்டார். பார்த்தேன். நான் விழுந்த இடம் பத்தடி தள்ளியிருந்தது. அங்கே என் முன்கையின் வடிவில் ஈரம் மின்னியது. என் துண்டுக்கடியில் தரை காய்ந்து கிடந்தது.

அதிலிருந்து நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ரயிலில், பல் தேய்க்கும்போது, அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது. “என்னடி எப்பப் பாத்தாலும் கழுத்தையே புடிச்சிட்டு இருக்க?” என்கிறார். கொசு என்கிறேன். விரல் வைத்ததும் வேகமாகிறது. பயத்தால் வேகமாகிறதா, வேகமாவதால் பயமா, தெரியவில்லை. உன்னிடம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. உனக்கு முதலில் எப்படி இருந்தது? தடுக்கியதா?

ஏன் மருத்துவரிடம் போகவில்லை என்பாய். சொல்கிறேன்.

எனக்கும் ஒப்பந்தம் வந்திருக்கிறது.

உன் குழுவில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் இப்போது இந்தோனீசியாவில் ஒரு குழுவுக்குத் தலைமை. வெளிநாட்டிலிருந்து லிபரோ எடுக்கும் வழக்கம் எங்கும் குறைவு, அடிப்பவர்களைத்தான் எடுப்பார்கள். ஆனால் நீ பேருந்துப் பயணங்களில் நம் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறாய். அந்த வெள்ளைச் சட்டைப் பெண் அவருக்கு நினைவிருந்திருக்கிறது. ஏழு மாதம். எனக்கு இருபத்துமூன்று வயது. என் உயரத்துக்கு இரண்டாவது முறை யாரும் கேட்கமாட்டார்கள்.

நாம் உறவு என்று அவருக்குத் தெரியாது. பழைய குழுத் தோழி என்று மட்டும் சொல்லியிருக்கிறாய்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவப் படிவம் அனுப்ப வேண்டும். ஒன்பதாவது கேள்வி: குடும்பத்தில் யாராவது முப்பத்தைந்து வயதுக்குள் திடீரென்று இறந்ததுண்டா?

நான்கு நாள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். எப்படியெல்லாம் வாதாடினேன் தெரியுமா? குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள். நீ பெரியம்மா மகள். ஆங்கிலத்தில் கஸின். கஸினுக்கு அங்கே கட்டம் இல்லை. கேட்காததற்கு ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆம் என்றால் பரிசோதனை. பரிசோதனையில் ஏதாவது தெரிந்தால் இந்தக் குழு மட்டுமில்லை, ஆட்டமே முடிந்தது. தெரியாவிட்டால் ஆடலாம். தெரியாதவரை ஆடலாம்.

பேனாவை இல்லை என்ற கட்டத்தில் வைத்தேன். வைத்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அப்போது உன் பேனா நினைவுக்கு வந்தது, அந்த இரண்டு அழுத்தல்கள்.

*

ஞாயிறு மதியம் புக்கிட் மேராவில் உன் வீட்டுக்குப் போனேன். பெரியம்மா சமையலறை ஜன்னலில் நின்று மூங்கில் கழியில் துணி கோத்துக்கொண்டிருந்தார். கழியின் முனையில் உன் மீன் சாஸ் சட்டை. பூஞ்சை பிடித்துவிடும் என்று மாதம் ஒருமுறை துவைக்கிறார்.

“என்னடி, போன் பண்ணாம வந்துருக்க? கான்ட்ராக்ட் விஷயமா? ஒங்கம்மா சொன்னா. போயிட்டு வா லா. ஆனா வெயில்ல ஓடாத. அவளுக்கு அந்த ஊரு வெயில்தான் ஒத்துக்கல.”

“வெயில் இல்ல பெரியம்மா.”

சொன்னேன். கழிவறை, கழுத்து, முட்டிப் பட்டை, துண்டு, தேக்கா, மூன்று வினாடி. வரிசையாகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக. அவர் கழியைப் பிடித்தபடியே நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சமையலறைத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“எத்தன தடவ?”

“எண்ணல.”

“எத்தன தடவடி?”

“நாப்பது. அம்பது இருக்கும்.”

கழியை ஜன்னலுக்கு வெளியே தள்ளிச் சொருகினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார்.

“நான் மேல உக்காந்து பாத்துகிட்டுதான் இருந்தேன். பக்கத்துல இருக்கற சீனப் பொம்பளகிட்ட காட்டுவேன். அந்த வெள்ளச் சட்ட என் தங்கச்சி பொண்ணு, பாரு, எவ்ளோ சுத்தம்னு.”

உள்ளே போனார். அறைக்கதவு மூடியது. என் விரல் கழுத்துக்குப் போனது. எடுத்தேன். மறுபடி போனது. இனி வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். கிளம்பிவிடலாமா என்றும் நினைத்தேன். அதற்கும் பயமாக இருந்தது.

பழுப்பு உறையோடு வந்தார். தாய்லாந்து எழுத்தில் முகவரி. உன் பெட்டியோடு சேர்ந்து வந்த மருத்துவ அறிக்கை.

“இங்கிலீஷ்ல ஒரு பக்கம் இருக்கு. பாதி படிச்சேன். அவளே போயிட்டா, இன்னும் என்னத்தப் படிக்கறதுன்னு மூடி வச்சிட்டேன். நீ படி. சத்தமா.”

படித்தேன். மேல் பாதியில் உன்னைப் பற்றி இருந்தது: எடை, உயரம், இதயத் தசை தடித்திருந்தது. கீழ்ப் பாதியில் நம்மைப் பற்றி. பரம்பரையாக வரக்கூடியது, இரத்த உறவினர்கள் அனைவரும் உடனடியாகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உடனடியாக என்ற சொல்லைத் தமிழில் இரண்டு முறை சொன்னேன்.

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். விரல்விட்டு எண்ணினார். “நானு. ஒங்கம்மா.” மூன்றாவது விரலை நீட்டாமல் என்னைப் பார்த்தார். “ரெண்டு வருஷமா இது என் பீரோவுல இருக்கு.”

பக்கத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அவர் அழவில்லை. நீ இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் செய்து அந்த அறையைக் காப்பாற்றியிருப்பாய்.

“இப்ப போடி,” என்றார் கடைசியில். “ஒன் மொகத்த என்னால இப்ப பாக்க முடியல. இதக் கொண்டு போ. ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

வாசலில் செருப்பு மாட்டினேன். நான்காவது மாடிதானே, எப்போதும்போல் படியை நோக்கித் திரும்பினேன். பின்னால் இரும்புக் கதவு திறக்கிற சத்தம்.

“ஏய்! படில எறங்காத. லிஃப்ட்ல போ.”

*

உனக்கு நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன் என்று இரண்டு வருடம் யோசித்தேன். நன்றாக ஆடுவது என்று நினைத்தேன். நீ விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்றெல்லாம். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. நீ பட்டையை இழுத்துவிட்டு என்னைப் பார்ப்பாயே, ஒரு கணம். கை உயர்வதற்கு முன். அந்தப் பார்வையை உதவி கேட்பது என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதில் பயம்தான் இருந்தது. நாற்பது ஐம்பது தடவை நீ பயந்ததை நான் மட்டும் பார்த்தேன்; பார்த்தவுடன் குனிந்துகொண்டேன்.

அதுதான் என்னிடம் இருக்கிறது. துண்டு வெறும் துண்டு.

இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஏதாவது தெரிந்துவிடும் என்று பயம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் உன்னிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விடுவேனோ என்று அதற்கும் ஒரு பயம்.

பேருந்து வருவதற்கு முன் படிவத்தை எடுத்தேன். ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்று குறித்தேன். கீழே இருந்த கோட்டில் உன் பெயரை முழுதாக எழுதினேன். உறவு: அம்மாவின் அக்கா மகள். மயக்கம் பற்றிய கேள்விக்கு, இன்னும் விழவில்லை, ஆனால் வியாழக்கிழமை நெஞ்சில் ஏதோ தடுக்கியது என்று எழுதினேன். உறையிலிருந்த பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பினேன். திங்கள் காலை இதய மருத்துவமனையில் மூன்று பேருக்கும் நாள் வாங்கினேன். மாலை பயிற்சிக்குப் போய்க் கோச்சிடம் சொன்னேன். முட்டிப் பட்டைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.